மர்ம நாவலும் நம் மன்றத்து நீதிபதிகளும்

நம் இலக்கிய உலகில் விசாரணையின்றித் தண்டிக்கப்பட்ட நூல் வகை ஒன்று உண்டு. அதுதான் மர்ம நாவல். கூட்டங்களில் அதன் பெயரை எடுத்தாலே சிலர் முகம் சுளிக்கின்றனர். பள்ளி நூலகத்திற்கு வாங்கும் பட்டியலில் அது இடம்பெற்றால் கூடியிருப்போர் புருவத்தை நெரிக்கின்றனர். தமிழ் அமைப்பொன்றின் கிளை, மாதந்தோறும் கூடி மர்ம நாவல்களைப் படித்து ஆராயப் போவதாக அறிவித்தபோது, ‘கொலைக் கதை படிக்கவா சங்கம் வைத்தோம்?’ என்று மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்டார். அவரது தமிழ்ப் பணியை நான் பெரிதும் மதிக்கின்றேன். ஆயினும் அவர் கேட்டது கேள்வி அன்று, தீர்ப்பு. சாட்சிகளைக் கேளாமல் எழுதப்பட்ட தீர்ப்பு.

என் தொழில் ஆசிரியத் தொழில். ஒரு மாணவன்மீது புகார் வந்தால், புகார் கொடுத்தவனையும் கேட்க வேண்டும். புகாருக்கு ஆளானவனையும் கேட்க வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அந்த நியாயத்தை ஒரு நூல் வகைக்கும் வழங்குவோம். மர்ம நாவல்மீது சாட்டப்படும் குற்றங்கள் மூன்று. ஒன்று, அஃது இலக்கியம் ஆகாது. இரண்டு, அது குற்றத்தைக் கற்பிக்கின்றது. மூன்று, விடை தெரிந்தவுடன் வீசியெறியப்படும் வெறும் புதிர் அது. இம்மூன்றையும் முறையாக விசாரிப்போம்.

இலக்கியம் ஆகாதா?

குற்றமும் அதன் விசாரணையும் இலக்கியத்திற்கு ஏலாத பொருள் என்போர், மேடைதோறும் தாம் போற்றும் சிலப்பதிகாரத்தை மறந்துவிட்டனர் போலும். அக்காப்பியத்தின் மதுரைக் காண்டம் எதன்மேல் நிற்கின்றது? களவு போன ஒரு சிலம்பின்மேல் நிற்கின்றது. அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வனென்று காட்டிக் கொடுக்கின்றான். உண்மைக் குற்றவாளியே புகார்க்காரனாக வந்து நிற்கும் உத்தியைப் பிற்கால மேனாட்டு நாவலாசிரியர்கள் தம் கைத்திறமெனக் கொண்டாடினர். நம் இளங்கோவடிகளோ அதை எப்போதோ கையாண்டுவிட்டார்.

மன்னன் என்ன செய்தான்? கைப்பற்றிய சிலம்பை அரசியின் மற்றொரு சிலம்போடு வைத்து ஒப்பிடவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. காவலரை ஏவினான்; கோவலன் மாண்டான். பின்னர் அவைக்கு வந்த கண்ணகி அழுதுவிட்டு மட்டும் போய்விடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்பது மன்னன் வாயாலேயே வெளிவந்தது. சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. பேரரசன் ஒருவனை வீழ்த்தியது படையன்று, ஒரு தடயம்.

சிலப்பதிகாரத்தை மர்ம நாவல் என்று நான் சொல்ல வரவில்லை. கள்வன் யாரென்பது அங்கே கற்பவனுக்கு முன்னரே தெரிந்துவிடுகின்றது. ஆனால் ஒரு குற்றத்தையும் ஒரு சான்றையும் அடித்தளமாகக் கொண்டு காப்பிய மாளிகையே எழுப்பலாம் என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது. திருக்குறளில் தெரிந்து தெளிதலுக்கு 51ஆம் அதிகாரமும், ஒற்றாடலுக்கு 59ஆம் அதிகாரமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் பாட்டிமார் சொன்ன மரியாதை இராமன் கதைகளோ ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு நுட்பமான சோதனை.

இன்னொன்றும் கேட்க விரும்புகின்றேன். 1866இல் வெளிவந்த தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ உலக இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்று என்று நம் விமர்சகர்கள் பேசுகின்றனர். நானும் உடன்படுகின்றேன். அடகு பிடிக்கும் கிழவியொருத்தியைக் கோடரியால் வெட்டிக் கொன்றவனின் கதை அது. இரசிய நாட்டுக் கோடரி இலக்கியமாகவும் கோயம்புத்தூர்க் கத்தி குப்பையாகவும் ஆவது எந்த அளவுகோலால்? அளக்க வேண்டியது எழுத்தை, ஆயுதத்தை அன்று.

கற்பிப்பது எதனை?

அடுத்தது, குற்றத்தைக் கற்பிக்கின்றது என்னும் புகார். நம் இளைஞருள் ஒரு சாரார் குண்டர் கும்பல்களின் வலையில் விழுவது நெஞ்சை அறுக்கும் உண்மை. அதற்காகக் கவலைப்படும் உரிமை எல்லார்க்கும் உண்டு. ஆனால் அப்பழியை மர்ம நாவலின் தலையில் கட்டுவோரைக் கேட்கின்றேன்: எந்தக் குண்டனின் கையிலாவது துப்பறியும் நாவல் ஒன்றைக் கண்டதுண்டா? அரிவாள் ஏந்தியவனைத் தலைவனாக்கி, அவன் நடந்து வரும்போதெல்லாம் முரசு முழங்கச் செய்யும் திரைப்படத்திற்குக் குடும்பத்தோடு நுழைவுச்சீட்டு வாங்குகின்றோம். அவன் எதிரியை வெட்டும் காட்சிக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கை தட்டுகின்றோம். பிறகு சங்கக் கூட்டத்திற்கு வந்து நாவலைக் கடிந்துகொள்கின்றோம். இது முறையா?

திரைப்படக் குண்டனுக்கும் மர்ம நாவலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே நடுவில் நிற்பவன் வெட்டுபவன். இங்கே நடுவில் நிற்பவன் விசாரிப்பவன். அவன் படை திரட்டுவதில்லை. பார்க்கின்றான், கேட்கின்றான், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகின்றான். ஐயம் தீரும்வரை எவரையும் குற்றவாளி என்று சொல்ல மறுக்கின்றான். இந்தப் பொறுமையைத்தான் மர்ம நாவல் கற்பிக்கின்றது.

ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளருக்கு முன்மாதிரியாய் இருந்தவர் ஓர் ஆசிரியர் என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருக்க வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கோனன் டாயில் மருத்துவம் பயின்றபோது அவருக்குப் பாடம் சொன்னவர் ஜோசப் பெல். நோயாளி வாய் திறப்பதற்கு முன்னரே அவருடைய நடை, கை, உடை ஆகியவற்றைக் கொண்டு அவர் என்ன தொழில் செய்பவர், எங்கிருந்து வருகின்றார் என்பதை அவர் கூறிவிடுவாராம். ‘பார்க்கக் கற்றுக்கொள்’ என்பதே அவர் மாணவர்க்கு அளித்த பயிற்சி. அம்மாணவர் 1887இல் வெளியிட்ட முதல் ஹோம்ஸ் நாவலுக்கு விதை ஒரு வகுப்பறையில்தான் விழுந்தது.

அதே கோனன் டாயில் பின்னாளில் செய்த செயல், இந்திய வம்சாவளியினராகிய நாம் நன்றியோடு நினைவுகூரத் தக்கது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் ஜார்ஜ் எடால்ஜி என்னும் இளம் வழக்கறிஞர் இருந்தார். அவருடைய தந்தையார் பம்பாயில் பிறந்த பார்சி. கிறித்துவராகி, அவ்வூர்த் திருச்சபையின் போதகராகப் பணியாற்றியவர். இரவில் கால்நடைகளை யாரோ வெட்டிக் காயப்படுத்தினர். பழி எடால்ஜியின்மேல் விழுந்தது. 1903இல் அவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து வெளியே வந்தும் பழி நீங்கவில்லை. அவரைச் சந்திக்கச் சென்ற டாயில், அவர் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படிப்பதைக் கண்டார். பார்வை இத்துணை மங்கியவர், காரிருளில் வயல்வெளி கடந்து போய் இதைச் செய்திருக்க இயலுமா என்று கேட்டார். 1907இல் செய்தித்தாளில் தொடர்ந்து எழுதி நாட்டையே கேட்க வைத்தார். அவ்வாண்டே அரசு எடால்ஜிக்கு மன்னிப்பு வழங்கியது. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907இல் அமைக்கப்பட்டதற்கு அவ்வழக்கு எழுப்பிய குரலும் ஒரு காரணமாயிற்று.

நிறத்தைப் பார்த்து ஊர் தீர்ப்பெழுதியது. கண்ணைப் பார்த்து ஒரு கதையாசிரியர் அத்தீர்ப்பைப் புரட்டினார். குற்றக் கதை குற்றத்தைக் கற்பிக்கின்றது என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

மை போட்டுப் பார்க்கும் சமுதாயம்

1930இல் லண்டன் நகரில் துப்பறியும் கதையாசிரியர்கள் கூடி ஒரு கழகம் தொடங்கினர். ஜி. கே. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். ஆகாதா கிறிஸ்டியும் டோரதி சேயர்சும் அதன் உறுப்பினர்கள். கழகத்தில் சேர்வோர் மண்டையோட்டின்மேல் கை வைத்து ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தம் துப்பறிவாளர் தெய்வ வெளிப்பாட்டாலோ, மந்திர தந்திரத்தாலோ, தற்செயலாலோ விடை காணமாட்டார்; தம் அறிவைக் கொண்டே காண்பார் என்பது அதன் சாரம். விளையாட்டுப் போன்ற சடங்குதான். எனினும் அதன் உட்பொருள் விளையாட்டன்று. அதற்கு முந்தைய ஆண்டில் ரானல்ட் நாக்ஸ் என்பவர் இக்கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களுக்கு இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதியை எழுதியவர் நாத்திகர் அல்லர், கத்தோலிக்கப் பாதிரியார். வழிபாடு வேறு, வழக்கு விசாரணை வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்குத் தெரிந்திருக்கின்றதா? வீட்டில் நகை காணாமற்போனால் நம்மில் எத்தனை பேர் முதலில் குறி கேட்க ஓடுகின்றோம்? வெற்றிலையில் மை போட்டுப் பார்த்து, ‘கறுத்த ஆள், நெருங்கிய உறவு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அண்ணன் தம்பி உறவை முறித்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை?

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் கல்விச் சுற்றுலாவுக்காகத் திரட்டிய பணத்தில் ஐம்பது ரிங்கிட் குறைவதாகத் தெரிய வந்தது. வகுப்பு முழுவதும் ஒரே மாணவனைச் சுட்டிக் காட்டியது. காரணம் கேட்டேன். ‘அவன் அண்ணன் சிறையில் இருக்கிறார், ஐயா’ என்றார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த சான்று. பெற்றோர் ஒருவர், தமக்குத் தெரிந்தவரிடம் மை போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆலோசனையும் கூறினார். வகுப்பாசிரியையும் நானும் வரவுப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம். ஒரு மாணவியின் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. பணம் குறையவே இல்லை; பட்டியல்தான் நீண்டிருந்தது. அந்தப் பட்டியலை எவரும் பார்க்காமல் விட்டிருந்தால், பதினோரு வயதுப் பையன் ஒருவன் வாழ்நாளெல்லாம் கள்வன் என்னும் பெயரைச் சுமந்திருப்பான்.

இது பள்ளியளவில் நின்றது. ஊரளவில் நேர்ந்தால் என்னாகும் என்பதையும் கண்டோம். 2018 மே மாதத்தில் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற குடும்பமொன்றைப் பிள்ளை பிடிப்போர் என்று ஐயுற்று ஊரார் தாக்கினர். முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அக்குழுவில் நம் மலேசியாவிலிருந்து சென்ற உறவினரும் இருந்தனர். குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததே அவர்கள்மேல் ஐயம் எழக் காரணமாயிற்று. புலனத்தில் பரவிய வதந்தி குற்றப்பத்திரிகையாயிற்று, ஊரே நீதிமன்றமாயிற்று. ‘இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் ஓருயிர் பிழைத்திருக்கும். இவ்விரு கேள்விகளையும் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கப் பழக்கும் நூல் வகை எதுவோ, அதைத்தான் நம் மன்றங்கள் வாயிலிலேயே நிறுத்திவைக்கின்றன.

காவல் தடுப்பில் ஒருவர் இறந்துவிட்டால் மரண விசாரணை வேண்டுமென்று குரல் எழுப்புகின்றோம். அது நியாயமான குரல். ஆனால் விசாரணை நடந்து, மருத்துவரின் சாட்சியமும் காவலரின் சாட்சியமும் நாளேட்டில் வரும்போது அவற்றை ஒப்பிட்டுப் படிக்கும் பொறுமை நம்மில் எத்தனை பேரிடம் இருக்கின்றது? நீதி கேட்கும் சமுதாயம், சான்றைப் படிக்கவும் கற்றிருக்க வேண்டாவா?

நெல்லும் பதரும்

மர்ம நாவல் என்ற பெயரில் வந்தனவெல்லாம் மணி என்று நான் வாதாடவில்லை. பதர் மிகுதி, ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் பதர் மிகுந்த களத்தில் தூற்றத்தான் வேண்டுமேயன்றிக் களத்துக்கே தீ வைக்கலாகாது. புதுக்கவிதையில் பதர் இல்லையா? மரபுக் கவிதையில் இல்லையா? வாழ்த்துப் பாக்களில் இல்லையா?

இவ்வகையின் வரலாறு சிறிதன்று. எட்கர் ஆலன் போ 1841இல் முதல் துப்பறியும் சிறுகதையை எழுதினார். அரை நூற்றாண்டு கழிந்த சில ஆண்டுகளிலேயே அவ்வலை தமிழையும் தொட்டது. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்னும் துப்பறிவாளனைத் தமிழுக்குத் தந்தார். தமிழ் நாவல் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் ஆயிரக்கணக்கானோரைத் தமிழ் உரைநடை படிக்கப் பழக்கினர். மேனாட்டுக் கதைகளைத் தழுவினர் என்ற குறை அவர்கள்மேல் உண்டு, அது மெய்யும்கூட. ஆனால் உரைநடைக்கு வாசகரைத் திரட்டித் தந்தவர்களை இலக்கிய வரலாறு ஓரிரு வரிகளில் கடந்து போவது நன்றி மறந்த செயல். தேவன் தம் துப்பறியும் சாம்புவின் வழியாக இவ்வகையையே நகைச்சுவைக்குப் பொருளாக்கினார். தமிழ்வாணன் சங்கர்லாலைப் படைத்ததோடு, பரபரப்பான கதையைப் பிறமொழிக் கலப்புக் குறைந்த தமிழில் சொல்ல முடியும் என்றும் காட்டினார். தோட்டத்து மணிமன்ற நூலகங்களில் அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டவை அவருடைய நூல்கள். இன்று மேடையில் தூய தமிழ் பேசும் என் வயதினருள் பலர் அந்நூல்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்களே. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நீதிமன்ற வாதத்தையும் அறிவியலையும் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தனர். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் பேயா, அறிவியலா என்று அவ்விருவரும் நடத்தும் வாதத்தை நான் மேற்படிவ மாணவர்க்கு விவாதப் பொருளாகவே தருவேன்.

1980களில் பெருகிய மாத நாவல்களில்தான் நெல்லும் பதரும் பெரிதும் கலந்தன. ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார் என்றால், எல்லாம் ஒரே தரத்தில் இருக்க இயலாது. ஆகவே வாசகர் கையில் சுளகு ஒன்று இருக்க வேண்டும். நான் பயன்படுத்தும் சுளகு இது.

முதலாவது, கதையில் முன்பு தலைகாட்டாத ஒருவன் கடைசி அத்தியாயத்தில் வந்து குற்றவாளியானால் அந்நூல் பதர். துப்பறிவாளர் காணும் தடயம் ஒவ்வொன்றையும் வாசகரும் காண வேண்டும் என்பது இவ்வகையின் அறம். இரண்டாவது, துப்பாக்கி முனையில் குற்றவாளியே பத்துப் பக்கத்திற்கு எல்லாவற்றையும் ஒப்புவித்தால், ஆசிரியர் சிந்திக்கச் சோம்பினார் என்று பொருள். மூன்றாவது, இறந்தவருக்கு ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். பெயரும் பிழைப்பும் துயரமும் இல்லாத வெறும் சடலமாக ஒருவரைக் கிடத்திவிட்டுக் கதை நடத்துவது மனித உயிரை அவமதிப்பது. அப்படிக் கிடத்தப்படுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடலாகவே இருப்பதையும் காண்கின்றோம். நான்காவது, ஊரும் தொழிலும் மெய்யாக இருக்க வேண்டும். இந்நான்கிலும் தேறும் நூலைத் தயங்காமல் மன்றத்தில் ஏற்றலாம்.

மூன்றாவது புகாருக்கும் இங்கேயே விடை உண்டு. விடை தெரிந்ததும் நூல் செத்துவிடும் என்கின்றனர். ஆகாதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’யை ஒருமுறை படியுங்கள், முடிவில் திகைப்பீர்கள். மறுமுறை படியுங்கள், ஆசிரியர் ஓரிடத்திலும் பொய் சொல்லவில்லை என்பதையும், நாமே அவசரப்பட்டு ஊகித்துக்கொண்டோம் என்பதையும் காண்பீர்கள். முதல் வாசிப்பு குற்றவாளியைக் கண்டுபிடிக்க. இரண்டாம் வாசிப்பு நம்மையே கண்டுபிடிக்க. ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்காத நூல்களுக்குப் பொன்னாடை போர்த்தி வாழ்த்துரை வழங்கும் நாம், ஒரே முறை படிக்கப்படும் நூலைக் குறை கூறுவது வேடிக்கை.

நம் மண்ணின் வழக்குகள்

இவ்வகை நம் நாட்டிற்கு அந்நியமானது என்பாரும் உளர். 1911 ஏப்ரலில் கோலாலம்பூரில், விக்டோரியா கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் இல்லத் தாழ்வாரத்தில், பொறுப்புத் தலைமையாசிரியரின் மனைவி ஈத்தல் பிரவுட்லாக் ஈயச் சுரங்க மேலாளர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளித்தார். அவ்வழக்கைக் கருவாகக் கொண்டு சாமர்செட் மாம் எழுதிய ‘கடிதம்’ என்னும் கதை 1926இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இடம்பெற்று, உலகெங்கும் படிக்கப்பட்டது, திரைப்படமுமாயிற்று.

1959 முதல் 1962 வரை கோலாலம்பூரில் நெதர்லாந்து நாட்டுத் தூதராக இருந்த ராபர்ட் வான் ஹூலிக், தாங் அரச மரபுக் காலத்து நீதிபதி டீ என்பவரைத் துப்பறிவாளராக்கி நாவல்கள் எழுதியவர். அவற்றுள் சில முதன்முதலாக அச்சேறியதே கோலாலம்பூர் அச்சகமொன்றில்தான். ஆங்கில மலிவு நாவல்கள் சீனரை வில்லனாகவே காட்டிவந்த காலத்தில், சீனரை நீதியின் நாயகராக நிறுத்தினார் அவர். நம் காலத்தில் ஷமினி ஃபிளிண்ட் 2009இல் இன்ஸ்பெக்டர் சிங்கைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவைத்தார். சிங்கப்பூரின் ஒவிடியா யூ, சமையற்கலை வல்ல அத்தையொருவரைத் துப்பறிய வைத்தார்.

ஆங்கிலேயர் எழுதினார், டச்சுக்காரர் எழுதினார், நம் மண்ணின் பிற எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதினர். தமிழில் நாம் என்ன செய்தோம்? நம் ஏடுகளில் மர்மத் தொடர்கள் வராமல் இல்லை. அவற்றைத் திரட்டினோமா? நூலாக்கினோமா? ஒரு கருத்தரங்கிலாவது வைத்து ஆராய்ந்தோமா? விடியுமுன் விளக்கோடு பால்மரத்து நிரைக்குள் நடந்தவரின் இருளும், ஒற்றைச் சுவர் மட்டுமே பிரித்த லயத்து வீடுகளின் இரகசியங்களும், தோட்டம் துண்டாடப்பட்டபின் அடுக்குமாடிக்குக் குடியேறியவரின் தனிமையும் எத்துணை கதைகளைத் தம்முள் வைத்திருக்கின்றன! தோட்டத்து வாழ்வை அழுகையாக மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். அதை ஒரு வழக்காக எழுதினால், யார் செய்தது, யார் மறைத்தது, யார் பயனடைந்தது என்றும் கேட்க வேண்டிவரும். அக்கேள்விக்கு அஞ்சியா மர்ம நாவலை ஒதுக்குகின்றோம்?

வட்டம் என்ன செய்கின்றது?

எங்கள் வட்டாரத்தில் ஏழு பேரோடு தொடங்கிய மர்ம நாவல் வாசகர் வட்டம், இன்று பதினைந்து பேரைக் கடந்துவிட்டது. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, மருத்துவமனைத் தாதி, லோரி ஓட்டுநர், வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், பயிற்சி ஆசிரியைகள் இருவர் என்று பலரும் வருகின்றனர். ஒரு நூலுக்கு இரண்டு கூட்டம். முதற்கூட்டத்திற்குள் நூலின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் படித்து வர வேண்டும். யாரை ஐயுறுகின்றோம், ஏன் ஐயுறுகின்றோம் என்பதைக் காரணம் மூன்றோடு துண்டுத்தாளில் எழுதி, மைலோ டின் ஒன்றில் இட வேண்டும். இரண்டாம் கூட்டத்தில் முடிவைப் படித்துவிட்டு வந்து டின்னைத் திறப்போம்.

முதல் மூன்று நூல்களிலும் பெரும்பாலான தாள்களில் இருந்த பெயர் வேலைக்காரர் அல்லது கார் ஓட்டுநர். ‘கதையிலும் எங்களைத்தான் பிடிக்கிறீர்களா?’ என்றார் எங்கள் லோரி ஓட்டுநர் அன்பர். எல்லாரும் சிரித்தனர், பிறகு அச்சிரிப்பு அடங்கிவிட்டது. எந்தச் சொற்பொழிவும் அந்த அமைதியை உண்டாக்கியிருக்காது. நான்காம் நூலில் தாள்கள் மாறின, காரணங்கள் நீண்டன. ஒரு நாவலில் நஞ்சு வேலை செய்யும் வேகம் தவறென்று தாதி விளக்கினார். இன்னொன்றில் காட்டப்பட்ட ஆவணம் நீதிமன்றத்தில் செல்லாது என்றார் எழுத்தர். இலக்கியக் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கைதட்டிவிட்டுப் போன இவர்கள், இங்கே முன்வரிசைக்கு வந்து பேசுகின்றனர். இவர்களைத் தமிழ் வாசிப்பிற்கு மீட்டுத் தந்தது எது? நம் நூல் வெளியீட்டு விழாக்களா?

பள்ளிக்கும் இதே தேவை உண்டு. ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்கு அஞ்சிப் படித்த மாணவன் இனி எதற்காகத் தமிழ் நூலைத் திறப்பான்? நீலாம் பதிவேட்டில் எண்ணிக்கையை நிரப்புவதற்காகவா? அடுத்த பக்கத்தில் என்ன நேரும் என்னும் ஆவலைவிட வலிய தூண்டுகோல் வேறில்லை. சத்யஜித் ராய் தம் துப்பறிவாளர் ஃபெலுதாவை 1965இல் சிறுவர் இதழொன்றுக்காகவே படைத்தார். அக்கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. உலகம் போற்றிய திரைக்கலைஞருக்குச் சிறுவர்க்கான துப்பறியும் கதை இழுக்காகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

ஆகவே சங்கங்களின் பொறுப்பாளர்களை வேண்டுகின்றேன். ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கையாவது தமிழ் மர்ம நாவலுக்கு ஒதுக்குங்கள். பழைய ஏடுகளில் புதைந்து கிடக்கும் நம் நாட்டு மர்மத் தொடர்களைத் தேடித் தொகுக்க ஒரு குழு அமையுங்கள். சிறுகதைப் போட்டிகளின் விதிமுறையில் துப்பறியும் கதைக்கும் ஒரு பிரிவு சேருங்கள். பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களை வேண்டுகின்றேன்: அட்டையைப் பார்த்து ஒதுக்காமல், இருபது பக்கம் படித்துப் பார்த்து, நல்லதை வாங்கி, தீயதைத் தள்ளுங்கள். இளம் எழுத்தாளர்களை வேண்டுகின்றேன்: சென்னைத் தெருக்களைக் கடன் வாங்காமல், நீங்கள் நடக்கும் தெருவில் ஒரு குற்றத்தையும், அதை விடாமல் விசாரிக்கும் ஒரு தமிழரையும் படையுங்கள்.

இவ்வளவும் கேட்டபின்னும் மர்ம நாவல் குற்றவாளியே என்று தீர்ப்பெழுத விரும்புவோர் இருப்பின், அவர்களுக்குத் தடையில்லை. எழுதுமுன் ஒன்றே ஒன்று செய்யட்டும். நல்ல மர்ம நாவல் ஒன்றைக் கையிலெடுத்து முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கட்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரையும் கேட்ட பின்னரே தீர்ப்பு; அதற்கு முன் இல்லை.